இடது காதுக்கு ஒரு ஜெபமாலை

முதல் சில நாட்கள் நான் ஃப்ரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டேன்.

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்களுடையது மூன்றறை அடுக்குமாடி வீடு. ஹாலையும் சேர்த்து எண்ணித்தான் இங்கே மூன்று என்பார்கள், படுக்கையறை இரண்டே. எல்லாரும் படுத்து வீடு அடங்கிய பிறகு மெல்லியதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. காதுப் பக்கம் கொசு வந்தால் கேட்கிற சத்தம். கொசு வரும், போகும், இது போகவில்லை. ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். பிறகு வைஃபை பெட்டிமேல் சந்தேகம் திரும்பியது, அதன்பின் கணவரின் போன் சார்ஜர்மேல். ஐந்தாம் நாள் பொறுமை போய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டேன். உடனே மகளின் அறையிலிருந்து ஓர் அலறல். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பாதி எழுதிய கட்டுரை போய்விட்டதாம். கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பிளாக் முழுக்கக் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். ஆமாம், வந்துவிடும், படுங்கள் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு இருட்டில் நின்று கேட்டேன். வீட்டில் ஒரு சாமானும் ஓடவில்லை. சத்தம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிவிட்டு வந்து முழங்கால் போட்டேன். பாட்டு முடிந்து, எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் அந்த இரண்டு நிமிட அமைதி எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று அந்த அமைதிக்குள் அதே சத்தம். ஃப்ரிட்ஜ் கோயிலுக்கு வராது. அது என் காதுக்குள், இடது காதுக்குள் இருக்கிறது என்று முழங்காலில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. பயந்துபோனேன். பயத்தைப் பயமாகவே காட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எனக்கு எல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். பக்கத்தில் ஜெபப் புத்தகத்தைக் கீழே தவறவிட்ட கணவரை முறைத்துப் பார்த்தேன். அவர் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டினார்.

என் வேலையைச் சொன்னால் அந்தப் பயம் புரியும். ஒரு மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் லைனில் போன் எடுப்பவள் நான். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிட நடையில் அலுவலகம். ஆங்கிலம் வராத தமிழ்ப் பெரியவர்களின் அழைப்புகள் எல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து சேரும். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்றைக்கு, எதற்காக என்று அவர்கள் என்னிடமே கேட்பார்கள். பாதி வார்த்தையிலும் இருமலிலும் பெருமூச்சிலுமிருந்து நான் அதைப் பொறுக்கி எடுத்துச் சொல்வேன். பத்தொன்பது வருடமாக ஹெட்செட் இடது காதில். சத்தம் வந்த வாரமே யாருக்கும் தெரியாமல் அதை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில், காதை வைத்துப் பிழைக்கிறவள் காதிலேயே கோளாறு என்று சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை. என் கணவர் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் காலையில் சொன்னது மாலைக்குள் உட்லண்ட்ஸில் இருக்கும் அவர் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அக்காவுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் கோயில் மக்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அப்புறம் பூண்டுத் தைலம் விடு, ஆவி பிடி என்று ஆளுக்கொரு வைத்தியத்தோடு கிளம்பி வருவார்கள். என்னைப் பார்த்து யாராவது 'ஐயோ பாவம்' என்று சொல்வது எனக்கு ஆகவே ஆகாது. காதும் காதும் வைத்தாற்போல் இதை நானே முடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

அரசு பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, சில வாரம் காத்திருந்து, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். முதலில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எது அவர்கள் போட்ட சத்தம், எது என்னுடையது என்று பிரிக்கத் தெரியாமல் கண்டபடி அமுக்கிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த சீனப் பெண். பொறுமையாகத்தான் சொன்னார். மெல்லிய, உச்சமான சில ஓசைகளை என் இடது காது தவறவிடுகிறது. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் இதை நிறுத்த மாத்திரை கிடையாது. முழு அமைதியில் படுக்காதீர்கள், அறையில் லேசாக வேறொரு சத்தம் இருக்கட்டும், பழகப் பழக இது பின்னால் போய்விடும் என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். இதே பதிலை நான் தினமும் போனில் எத்தனையோ பேருக்குச் சொல்கிறேன். எனக்கு வந்தபோதுதான் அது எவ்வளவு எரிச்சலான பதில் என்று தெரிந்தது.

பகலில் சமாளித்தேன். படுத்தால்தான் கஷ்டம். கண் அசந்து ஒரு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். வந்ததும் முதல் வேலையாகச் சத்தம் இருக்கிறதா என்று நானே தேடிப் போவேன். இருக்கும். அப்புறம் எங்கே தூங்குவது? டாக்டர் சொன்னபடி போனில் மழைச் சத்தம் ஒன்றைத் தேடிப் பிடித்து, தலையணைக்குப் பக்கத்தில் மெல்ல ஓடவிட்டேன். இதமாக இருந்தது. தூக்கம் வருகிற நேரம் பார்த்து கணவர் துள்ளி எழுந்து, சமையலறை ஜன்னலுக்கு ஓடினார். வெளியே மூங்கில் கழியில் என் பள்ளிக்கூடத் தோழி பரிசளித்த புடவை முதல் அவருடைய வேலைச் சட்டை வரை காய்ந்துகொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் நான்கு கழிகளையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, கையை வெளியே நீட்டிப் பார்த்து, "தூறல்கூட இல்லையே" என்று குழம்பி நின்றார். நான் தூங்குவதுபோல் நடித்தேன். மறுநாளும் போனில் மழை பெய்தது; மறுநாளும் ஓடினார். மூன்றாம் நாள் நான் மழையை விட்டுவிட்டேன்.

அடுத்து ஃபேன். மூன்றாம் நம்பரில் வைத்தால் அந்த இரைச்சலில் என் சத்தம் ஒளிந்துகொள்ளும். ஆனால் அவருக்குச் சைனஸ். ஒன்றுக்கு மேல் போனால் காலையில் பதினைந்து தும்மல் தும்மிவிட்டுத்தான் பல் துலக்குவார். துவாஸில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். விடியுமுன் கம்பெனி வேன் வந்துவிடும். தூக்கம் கெட்ட மனிதன் கையில் அந்த வண்டியைக் கொடுக்கக் கூடாது. ஆகவே ஒரு திங்கட்கிழமை என் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மெத்தையை விரித்து, ஸ்டாண்ட் ஃபேனை மூன்றில் வைத்துப் படுத்தேன். கேட்டவரிடம், ரூமில் புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த ஒரு வரிதான் நான் அவருக்குக் கொடுத்த விளக்கம்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கல்யாணமாகி இருபத்தேழு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள், புழுக்கம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் வெளியே படுத்தால் அந்த மனிதர் என்னதான் நினைப்பார்? அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. அரைகுறைத் தூக்கத்தில் இருக்கிறவளுக்குத் தன் தலையைத் தாண்டி எதுவும் தெரியாது.

முதல் வாரம் அவர் வழக்கம்போல் இருந்தார். இரண்டாம் வாரம் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். மூன்றாம் வாரம் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். துவாஸ் கதைகள் நின்றுபோயின. எந்த வங்காளதேசத் தம்பி எந்தப் பெட்டியை எங்கே இடித்தான் என்று சாப்பிடும்போது தினமும் ஒரு கதை சொல்வார்; நான் பாதி கேட்பேன், பாதி கேட்க மாட்டேன். இப்போது கதை இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அவர் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளத் தொடங்கியிருந்தார். கல்யாண வாழ்க்கையில் அதைவிட என்னைப் பயமுறுத்திய விஷயம் வேறில்லை.

ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும் என்பதும் தெரிந்தது. ஆனால் பேசுவதற்குத் தெம்பு வேண்டுமே. நாளைக்குப் பேசலாம், சனிக்கிழமை பேசலாம் என்று தள்ளிப் போட்டேன். இடையில் அவர் ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுந்தேன். ஒருநாள் பால் முடிந்துவிட்டதா என்று கேட்டதற்கு, பால் வாங்கவும் நான்தானா என்று கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய் மூன்று பாக்கெட் வாங்கி வந்து, சத்தமில்லாமல் ஃப்ரிட்ஜில் அடுக்கினார்.

அந்த நாட்களில் எனக்கு இதம் கிடைத்த ஒரே இடம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேக்கா சந்தை. அதை ஒட்டிய சிராங்கூன் ரோட்டுக் கூட்டமும் சத்தமும் எனக்குப் பிடிக்காது. வேலை முடிந்தால் தலையைக் குனிந்துகொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகிறவள். ஒரு மாலை அலுவலகம் விட்டதும் தலைவலி தாங்காமல் தேக்கா உணவங்காடியில் ஒரு இஞ்சி டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிறது. தட்டுகளை அள்ளிப் போடுகிறார்கள். அடுத்தாற்போல் ஈரச் சந்தையில் ஆட்டுக்கறி வெட்டுகிற சத்தம். பக்கத்து மேசையில் ஊரிலிருந்து வந்த நான்கு பேர் வீடியோ காலில் ஒரு குழந்தையிடம் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் சத்தம் காணாமல் போயிருந்தது. போகவில்லை, கூட்டத்தில் அமுங்கியிருந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மேசை துடைக்க வந்த அம்மா தோளைத் தட்டி எழுப்பியபோது டீயில் ஏடு படிந்திருந்தது. முக்கால் மணி நேரம் போயிருந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு கிடைத்த நல்ல தூக்கம் அது.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். தூணுக்குப் பக்கத்து மேசை, தூணில் தலை, மடியில் கைப்பை. கொட்டாவியில் கண்ணில் நீர் வழியும், துடைத்துக்கொள்வேன். வீட்டுக்குத் தாமதமாக வந்தால் வேலை இருந்தது என்று இன்னொரு பொய். இதையெல்லாம் யாரோ பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர் அவ்வளவு சின்ன ஊர். என் நாத்தனாரோடு பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெண், நான் தேக்காவில் தனியாக உட்கார்ந்து கண்ணீர் விட்டு அழுததைத் தன் கண்ணால் கண்டதாக உட்லண்ட்ஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்.

நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இடியாப்பத்தோடு வந்து நின்றார். கதவைத் திறந்தவள் நான். எனக்குப் பின்னால் ஹாலில் விரித்தது விரித்தபடி மெத்தை, ஒற்றைத் தலையணை, ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன். எங்கள் பிளாக்கை ஒட்டிப் போகும்போது எல்ஆர்டி ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும், வீட்டுக்குள் நடப்பதைப் பயணிகள் பார்க்கக் கூடாது என்று. அக்காவுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மெத்தையைப் பார்த்தார், மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார், என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை என்றால் எல்லாம் முடிவு கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிகிற மும்முரத்தில் உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அன்பியத் தலைவர் போன் செய்தார். எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு டஜன் சேர்ந்து, வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அப்போது அக்டோபர், ஜெபமாலை மாதம். மாதாவின் சுரூபச் சிலை ஒவ்வொரு வீடாகப் போகும். எந்த வீடு எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் முறை மாதக் கடைசியில். தலைவர், இந்த வெள்ளிக்கிழமையே உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் கப்பல் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உத்தரவாகத்தான் சொல்வார். யாருக்கோ தேதி ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு பீஹூன் என்கிற அரிசிச் சேமியாவைப் பிரட்டி, சுண்டல் தாளித்து, கேசரி கிளறி வைத்தேன். மெத்தையைச் சுருட்டி மகளின் அறைக்குள் தள்ளினேன். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். சாதாரணமாகப் பத்துப் பேரைச் சேர்க்கவே தலைவர் தலைகீழாக நிற்பார். வந்த பெண்கள் எல்லாரும் என் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா கண்ணாடி போட்ட திருக்குடும்பப் படம் ஒன்றைக் கொடுத்து, படுக்கையறையில் மாட்டச் சொன்னார். இதற்கு மேலும் எனக்கு எதுவும் தோன்றவில்லை என்றால், என் தூக்கக் கலக்கம் எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா உட்லண்ட்ஸிலிருந்து ரோஜா மாலையோடு வந்து, மாதாவுக்குப் போட்டுவிட்டு, சுரூபத்துக்கு நேரே உட்கார்ந்தார். கணவர் செருப்பு அலமாரி ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஜெபமாலை முடிந்தால் மன்றாட்டு. ஒவ்வொருவராகத் தோன்றியதைச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லாரும் சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்வோம். இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுவார்கள். சம்பந்தப்பட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பதில் பேசவும் முடியாது. பேச்சு ஆண்டவரோடு அல்லவா நடக்கிறது. மாமியாருக்குப் போன் செய்யாத மருமகள், பாட்டு வகுப்புக்கு வராத பிள்ளை, லிஃப்டில் சிரிக்காத பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் இப்படி மன்றாட்டில் வந்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். நேரே கேட்க வாய் இல்லாதவர்கள் என்று கிண்டல் செய்வேன்.

அன்று முதல் மன்றாட்டு படம் கொடுத்த அம்மாவுடையது. "ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் மனத்தால் பிரிந்திருக்கும் கணவன் மனைவியருக்காக" என்று சுத்தத் தமிழில் தொடங்கினார். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டே நானும் சேர்ந்து, கேட்டருளும் என்றேன். அடுத்தது, தனிமையில் கண்ணீர் விடும் பெண்களுக்காக. அதற்கும் கேட்டருளும் என்றேன். மூன்றாவது அக்கா. பிள்ளை படிப்பை முடிக்கும்வரையாவது பெற்றோர் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இருபது தலைகளும் குனிந்திருந்தன; கண்கள் மட்டும் என்மேல். சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. முன்கூட்டி வந்த மாதா, பிடித்த கைகள், படம், மெத்தை, தேக்கா. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இப்போதே எழுந்து எல்லாரையும் பீஹூனோடு வெளியே அனுப்ப வேண்டும் என்று வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் கணவர் தொண்டையைச் செருமினார். அன்பியத்தில் அவர் மன்றாட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் முறை வந்தால் தலையை ஆட்டிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார்.

"ஆண்டவரே, என் மனைவி ரெண்டு மாசமா ஹால்ல படுக்குறா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்குத் தெரியல. கேக்கலாம்னு தினமும் நினைக்கிறேன். கேட்டா, போறேன்னு சொல்லிடுவாளோன்னு பயமா இருக்கு. அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குக் காட்டும். அவளை என்கிட்டேயிருந்து அனுப்பிடாதேயும்."

யாரும் கேட்டருளும் சொல்லவில்லை. மறந்துவிட்டார்கள். ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. எனக்கு மட்டும் அந்த அமைதியிலும் கொசு. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதர் இரண்டு மாதமாக அந்த அறைக்குள் இப்படி ஒரு பயத்தோடு படுத்திருக்கிறார். நான் அவருடைய சைனஸைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே நானும் மாதாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆண்டவரே, என் இடது காதுல நாலு மாசமா ஒரு சத்தம் கேக்குது. நிக்கவே மாட்டேங்குது. ஃபேன் மூணுல ஓடினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அவருக்கு சைனஸ். அதான் ஹால்ல படுத்தேன், வேற ஒண்ணுமில்ல லா. நான் எங்கேயும் போகல."

அப்புறம் மூலையிலிருந்த வயதான அம்மா ஒருவர், பழக்க தோஷத்தில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார். பின்னாலேயே எல்லாரும் சொன்னார்கள். அக்கா மட்டும் திரும்பி, "காதா?" என்று கேட்டார். அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பீஹூன் சாப்பிடும்போது நான் பயந்தது எல்லாம் நடந்தது. பூண்டுத் தைலம் வந்தது, இஞ்சிச் சாறு வந்தது, ஜோகூரில் கைராசியான ஒரு வைத்தியரின் விலாசம் வந்தது. ஆனால் நினைத்த அளவுக்குக் கசக்கவில்லை. தலைவர் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. தட்டோடு பக்கத்தில் வந்து நின்று, எனக்கும் இருக்கிறது, பட்டறையை விட்டு வந்தும் அது விடவில்லை, இப்போதெல்லாம் நாள் முழுக்க நினைவே வராத நாட்களும் உண்டு என்றார். அதையும் உத்தரவு போலத்தான் சொன்னார். அக்கா போகும்போது என் தோளை அணைத்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தாலும் இதே கூட்டம்தான் வந்திருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவரும் பயந்துதானே இடியாப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் போன பிறகு நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், என் தலையணை கட்டிலில் இருந்தது. மேலே ஃபேன் மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. கணவர், கொடைக்கானல் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாவை மாட்டி, மூக்கு வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சிங்கப்பூரில் குரங்குக் குல்லா. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவர் இருட்டில் கேட்டார். கொசு மாதிரி என்றேன். குல்லாவுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் போட்டுக் காட்டினார். அது வண்டு, இன்னும் மெல்லிசு என்றேன். குரலை ஏற்றினார். இன்னும் மேலே என்றேன். தொண்டை உடைந்து இருமினார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை குரலை விட்டுவிட்டு, பல் இடுக்கு வழியாக மெல்லிய ஒரு விசில். இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை, கொஞ்சம் கீழே என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் அவருடைய சத்தமும் என்னுடையதும் ஒன்றாகிவிட்டன. அங்கதான், அங்கேயே நில்லுங்க என்றேன். மூச்சு தீரும்வரை அங்கேயே நின்றார்.

"இதுவா?" என்று கேட்டார்.

"இதேதான்."

"நாலு மாசமா? ராப்பகலா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் அவர் கை தடவிக்கொண்டே வந்து என் இடது காதை முழுசாகப் பொத்தியது. காதைப் பொத்தினால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். அவருக்கு அது தெரியாது. கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.